நான்கில் ஒன்று: குறுக்கெழுத்துப் புதிரில் ‘கால்’

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிரில் இரண்டே கட்டங்களில் அடங்கும் சொற்களில் ‘கால்’ அளவுக்கு உழைக்கும் சொல் வேறு இல்லை. உடம்பில் உறுப்பு, கணக்கில் பின்னம், பழைய நூல்களில் காற்று, தேரில் சக்கரம், பூவில் காம்பு, பந்தலில் நட்ட கம்பு, கழனிக்கு நீர் வரும் வழி. ‘கால்’ விடையாக இருக்கும்போது இத்தனை பொருளும் கைகொடுக்கும். அதே சொல் குறிப்புக்குள் வந்துவிட்டால் இன்னும் இரண்டு வேலை செய்யும். எழுத்துக்கு வலப்பக்கம் போடும் துணைக்காலைச் சுட்டலாம். ஒரு சொல்லின் நான்கில் ஒரு பங்கை எடுக்கவோ விடவோ சொல்லலாம். ஆகவே குறிப்பில் ‘கால்’ கண்ணில் பட்டால் முதலில் எழுத்தைப் பாருங்கள், அடுத்துக் கணக்கைப் பாருங்கள், உடம்பைக் கடைசியில் பாருங்கள். இந்த வரிசை பெரும்பாலும் ஏமாற்றாது.

வார இதழ்ப் புதிர்களில் வரும் நேரடிக் குறிப்பிலிருந்து தொடங்கலாம். ‘உடல் உறுப்பு (2)’ என்று ஒரு குறிப்பு. அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. கால் பொருந்தும். காது, வாய், பல், தோள், தலை, முடி எல்லாம் பொருந்தும். குறுக்கே வரும் சொல் முதல் கட்டத்தில் ‘கா’ என்று போட்டுக் கொடுத்தாலும் காதும் காலும் அப்படியே நிற்கின்றன. ‘நான்கில் ஒன்று (2)’ என்று கேட்டால் தப்பிக்கலாமா? அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் ‘வீடு’ இரண்டு எழுத்து. நான்கு வேதங்களில் ‘ரிக்’ இரண்டு எழுத்து. பதில் எழுதியவர் தவறு செய்யவில்லை. குறிப்புதான் கதவைத் திறந்து போட்டிருக்கிறது.

சங்கேதக் குறிப்பு, அதாவது கிரிப்டிக் வகை, இந்தக் கதவைச் சாத்துகிறது. அதில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு பகுதி: ஒன்று விடையின் நேரான பொருள், மற்றது அதே விடைக்கு எழுத்து வழியாகப் போகும் பாதை. பொருள் பகுதி குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் இராது. இரண்டு பாதையும் ஒரே சொல்லில் வந்து முட்டினால் வேறு விடைக்கு இடமில்லை.

‘கால்’ என்ற விடைக்கு ஒரு குறிப்பு கட்டிப் பார்ப்போம். முதலில் எழுத்துப் பாதை. கா, ல் என்ற இரண்டையும் முதலிலும் கடைசியிலும் வைத்திருக்கும் மூன்றெழுத்துச் சொற்களைத் தேடினால் காவல், கானல், காதல் என்று வரும். மூன்றிலும் நடு எழுத்தை எடுத்தால் ‘கால்’. நடு எழுத்தை எடுக்கச் சொல்ல ‘இடையில்லாத’, ‘நடு இழந்த’, ‘இதயம் இழந்த’ என்று பல வழிகள் உண்டு. காதலோடு இதயம் இயல்பாகச் சேரும். இனிப் பொருள்: ‘நான்கில் ஒன்று’. சேர்த்தால்:

இதயம் இழந்த காதல் நான்கில் ஒன்று (2)

இதில் ஒரு சொல்லும் வீணில்லை. ‘இதயம் இழந்த காதல்’ த-வை நீக்குகிறது. ‘நான்கில் ஒன்று’ பொருள் தருகிறது. படிப்பவர் மனம் நேராகக் காதல் தோல்விக் கணக்குக்குப் போகும். அங்கிருந்து எழுத்துக்கு இழுத்து வருவதுதான் அவிழ்ப்பவரின் வேலை. மேலே பயமுறுத்திய ‘வீடு’ம் ‘ரிக்’கும் இப்போது உள்ளே வர முடியாது.

இன்னொரு வழி இரட்டைப் பொருள். எழுத்து வேலையே இல்லாமல் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது: ‘காற்று, நான்கில் ஒரு பங்கு (2)’. இதை ‘காற்றில் நான்கில் ஒரு பங்கு’ என்று எழுதினால் வாசிக்க இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் அந்த ‘இல்’ எந்தப் பொருளுக்கும் சொந்தமில்லாமல் தொங்குகிறது. காற்று என்றால் கால். காற்றில் என்றால் கால் இல்லை. வாசிப்பு அழகுக்காக உருபு ஒன்றைக் கூட்டுவது புதிர் அமைப்பவர்கள் அதிகம் செய்யும் பிழை. ஆங்கிலத்தில் புதிர் அமைத்த அஃப்ரிட் வகுத்த விதி இங்கே அப்படியே செல்லும்: சொல்வதற்கு வேறொரு அர்த்தம் இருக்கலாம், ஆனால் மனத்தில் இருக்கும் அர்த்தத்தைக் குறிப்பு சொல்லியே ஆக வேண்டும்.

சொல்லுக்குள் சொல்லை ஒளித்து வைப்பது மூன்றாவது வழி. ஆங்கிலப் புதிரில் ஒரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலையும் சேர்ந்து விடையாகும். ‘கால்’ விஷயத்தில் தமிழ் அதை அனுமதிக்காது. ஒரு சொல் ‘கா’ என்று முடிந்து அடுத்தது ‘ல்’ என்று தொடங்க வேண்டும். மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ஆகவே ஒளித்து வைத்தால் ஒரே சொல்லுக்குள்தான் ஒளிக்க முடியும். அதற்கு வாய்ப்பாக ஓர் ஊரே இருக்கிறது:

தலையால் நடந்த அம்மையாரின் ஊருக்குள் நடக்க உதவுவது (2)

கயிலைக்குக் காலால் நடக்க மனமில்லாமல் தலையால் நடந்தவர் காரைக்கால் அம்மையார். காரைக்காலுக்குள் கால். கால் வைக்க அஞ்சியவரின் ஊர்ப்பெயரிலேயே கால் இருப்பதைப் புதிர்க்காரர்கள் விட்டுவைக்கக் கூடாது.

இனி, முதலில் பார்க்கச் சொன்ன எழுத்து. ‘க’ என்ற உயிர்மெய்க்குத் துணைக்கால் போட்டால் ‘கா’. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் ‘கால்’ என்றே சொல்லிப் பழகிய குறி இது. புதிருக்கு இதைவிடக் கூர்மையான கருவி இல்லை. வனம் கால் வாங்கினால் வானம், மலை மாலை, கலை காலை, மடு மாடு. மறுபக்கமும் போகலாம்: காலை எடுத்தால் மாலை மலையாகும்.

மாலை கால் ஒடிந்தபின் ஏறுவது (2)

காட்டுக்குக் கால் முளைத்தால் நிலா வரும் இடம் (3)

முதலாவது நேர்ப் பாதை. இரண்டாவதில் ஒரு படி கூட: காடு என்பதை ‘வனம்’ என்று மாற்றிய பிறகுதான் கால் போட முடியும். மாற்றாமல் காட்டில் தேடுபவர் தவிப்பார், ஏனென்றால் காட்டுக்கு ஏற்கெனவே கால் இருக்கிறது.

துணைக்கால் ‘ஆ’காரத்தில் மட்டும் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொ, கோ போன்ற எழுத்துகளிலும் வலப்பக்கம் நிற்பது கால்தான். அதை எடுத்துவிட்டால் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ மட்டும் மிஞ்சும்: கோடு கேடாகும், தோள் தேளாகும்.

தோளிலிருந்து காலை எடுத்ததும் கொட்டுவது (2)

இந்தக் குறிப்பில் ‘காலை’ என்பது பொழுதும் இல்லை, உறுப்பும் இல்லை. இரண்டாம் வேற்றுமை ஏற்ற துணைக்கால். ஒலியை வைத்து யோசிப்பவருக்கு ஓகாரம் ஏகாரமாவது தோன்றவே தோன்றாது. எழுதிப் பார்ப்பவருக்குச் சட்டென்று தெரியும். அதனால்தான் தமிழ்ப் புதிரைப் பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு அவிழ்க்கச் சொல்கிறேன்.

காலும் கொம்பும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்கு ‘பட்டி’ நல்ல உதாரணம். கால் போட்டால் பாட்டி. ஒற்றைக்கொம்பு வைத்தால் பெட்டி. இரட்டைக்கொம்பு வைத்தால் பேட்டி. இரட்டைக்கொம்பும் காலும் வைத்தால் போட்டி. ஆடு மாடு அடைக்கும் பட்டிக்குக் கொம்பும் காலும் முளைப்பது வாசிக்கவும் இயல்பாக இருக்கிறது. ‘பட்டிக்குக் கால் வந்தால் கதை சொல்லும் (3)’ என்று எழுதலாம். ‘பேட்டியில் கால் முளைத்தால் பந்தயம் (3)’ என்றும் எழுதலாம்.

இந்தக் கருவியில் நடக்கும் தவறுகளையும் சொல்லியாக வேண்டும். ‘அடு’ கால் பெற்றால் ‘ஆடு’ என்று எழுதுவது தவறு. அகரம் ஆகாரமாவது சுழியால், காலால் அல்ல. உயிரெழுத்துக்குத் துணைக்கால் கிடையாது. அங்கே ‘நீண்டால்’, ‘நெடிலானால்’ என்று சொல்ல வேண்டும். அடுத்தது, இரண்டு கால் உள்ள சொல்லில் எந்தக் காலை எடுப்பது என்று சொல்லாமல் விடுவது. ‘மாநாடு’ போன்ற சொல்லை எடுத்துக்கொண்டால் ‘முன்னங்கால்’, ‘பின்னங்கால்’ என்றாவது சுட்ட வேண்டும். மூன்றாவது, விடையே ‘கால்’ என்று வரும்போது குறிப்பில் ‘கால்’ போடுவது. ‘கல்லுக்குக் கால் முளைத்தால்’ கால்தான், மறுக்கவில்லை. விடையைக் குறிப்பிலேயே அச்சடித்துக் கொடுத்தபின் புதிர் எங்கே?

பழைய புதிர்களையும் பழைய அச்சையும் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணா, றா, னா மூன்றுக்கும் தனியாகக் கால் கிடையாது; எழுத்தே வளைந்து ஆகாரத்தைக் காட்டும். ‘கனா’வின் காலை எடு என்று அப்போது சொன்னால் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. ஓலைச்சுவடியில் நிலைமை இன்னும் சிக்கல்: காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், இடம் பார்த்துத்தான் பிரித்துப் படிக்க வேண்டும்.

சுட்டும் சொற்களைப் பற்றியும் ஒன்று. காலை நீக்க ஒடிந்த, இழந்த, எடுத்த, மடக்கிய, வழுக்கிய என்று எவ்வளவோ சொற்கள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளை இழிவாகச் சுட்டும் பழைய சொற்களை இதற்காக இன்னும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவை தேவையே இல்லை. அவற்றால் எந்தக் குறிப்பும் மேம்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்தது கணக்கு. கால் என்றால் 1/4. குறிப்பில் ‘முக்கால்’, ‘கால் பங்கு’, ‘கால்வாசி’ என்று வந்தால் பக்கத்தில் நான்கு எழுத்தோ எட்டு எழுத்தோ உள்ள சொல் இருக்கிறதா என்று எண்ணுங்கள். எண்ணுவது கட்டக் கணக்கில்: உயிர் ஒன்று, உயிர்மெய் ஒன்று, புள்ளி வைத்த மெய் ஒன்று. நகரம் என்பது ந, க, ர, ம் என நான்கு. முதல் கால் போனால் கரம்.

கால் பங்கு அழிந்த நகரம் உதவி கேட்டு நீட்டுவது (3)

கடைசிக் கால் போனால் ‘நகர’ என்றும் ஒரு சொல் வருகிறது. ‘உதவி கேட்டு நீட்டுவது’ என்ற பொருள் அதை விலக்கிவிடுகிறது. இப்படி இரண்டு பக்கமும் வெட்டிப் பார்த்து, வேண்டாத பக்கம் பொருளோடு ஒட்டாது என்று உறுதி செய்வது அமைப்பவரின் கடமை.

இங்கே உருபு பற்றிய ஒரு நுட்பம். நகரம் என்று எழுவாயாக நிற்பதால் எழுத்து அப்படியே கிடைக்கிறது. ‘நகரத்தில் கால் பங்கு’ என்று எழுதியிருந்தால் மகரம் போய் அத்துச் சாரியை வந்து, வெட்ட வேண்டிய சொல்லே உருமாறிவிடும். நாடு நாட்டை ஆவதும் அப்படித்தான். தோளில், பட்டிக்கு என்பவற்றில் உருபைக் கழற்றினால் சொல் முழுசாகக் கிடைக்கிறது. அதனால் உருபு ஒட்டிய சொல்லை வெட்டக் கொடுப்பதானால், உருபு சுத்தமாகப் பிரியும் சொல்லாகக் கொடுங்கள்.

பின்னத்தைக் கொண்டு ஒளித்து விளையாடுவதில் தமிழில் யாரும் காளமேகத்தைத் தாண்டவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டுக் கவி அவர். காஞ்சி ஏகாம்பரநாதர் மேல் பாடிய வெண்பா இது:

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது

காதில் விழுவது முழுக்க வாய்ப்பாடு: முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா. எண்ணாக எழுதினால் 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20. பிரித்தால் கிடைப்பது முதுமை. மூன்றாம் காலாக ஊன்றுகோல் வருவதற்கு முன், முன்னே நரை விழுவதற்கு முன், காலராகிய யமதூதரைக் கண்டு கால் நடுங்குவதற்கு முன், விக்கி இருமுவதற்கு முன், மா காணியாகிய சுடுகாட்டுக்குப் போவதற்கு முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவரை இன்றே ஓது.

இதைப் புதிர்க்காரரின் கண்ணால் பாருங்கள். ‘முன்னரை’ என்பதில் ‘முன் நரை’யும் இருக்கிறது, ‘முன் அரை’யும் இருக்கிறது; புணர்ச்சி இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிட்டது. ‘காலரைக் கால்’ என்பதில் காலரும் உண்டு, அரைக்காலும் உண்டு. ‘இருமா’ வினையும் ஆகிறது, பின்னமும் ஆகிறது. ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதல் சொற்கட்டத்தை அச்சிடுவதற்கு நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே, இன்றைய சங்கேதக் குறிப்பின் இலக்கணம் முழுவதும் இந்த நான்கு வரியில் இருக்கிறது. கட்டம் மட்டும்தான் இல்லை. ஆங்கிலப் புதிர்க்காரர்கள் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை மறைப்பதற்குப் பாடுபடுவார்கள். நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. நமக்கு ஒளிவிடம் புணர்ச்சி.

அரைக்கால் என்ற பின்னத்துக்கு இன்றும் வாழ்வு இருப்பது சட்டையில்தான். ‘எட்டில் ஒரு பங்கு, சிறுவர் சட்டைக்கு முன்னால் வரும் (5)’ என்று அரைக்காலைக் கேட்கலாம். ‘கால் ரூபாய்’ வேறு கதை. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனது. ‘நாலணா’ என்றால் கால் என்று ஐம்பது வயதுக்காரருக்கு உடனே தோன்றும். கல்லூரி மாணவர்களுக்குத் தோன்றாது. அத்தகைய பொருளை வைத்தால் எழுத்துப் பாதையை எளிதாக வைக்க வேண்டும்.

கடைசியாகத்தான் சொல்லின் பொருள்கள். இதில் அகராதி வேண்டும் என்பதில்லை. திருக்குறள் ஒன்றே போதும். 840-ஆம் குறளில் ‘கழாஅக்கால்’ என்றால் கழுவாத பாதம். 496-இல் ‘கால்வல் நெடுந்தேர்’ என்றால் வலிய சக்கரங்கள் உள்ள தேர். 1115-இல் ‘அனிச்சப்பூக் கால்களையாள்’ என்றால் பூவின் காம்பைக் கிள்ளாமல் சூடிக்கொண்டவள். 1030-இல் துன்பம் ‘கால்கொன்றிட’ வீழும் குடி என்னும்போது கால் மரத்தின் அடி. 379-இல் ‘நன்றாங்கால்’ என்பதில் கால் பொழுது. ஒரே நூலில் ஐந்து. காற்று என்ற பொருள் வேண்டுமானால் நம்மாழ்வார் ‘நீராய் நிலனாய்த் தீயாய்க் காலாய் நெடுவானாய்’ என்று ஐம்பூதத்தையும் அடுக்குமிடத்தில் கிடைக்கும். வினையாகவும் வரும்: காலுதல் என்றால் உமிழ்தல், வெளிவிடுதல்.

இந்தப் பொருள்களில் எதைக் குறிப்பில் வைக்கலாம், எதை வைக்கக் கூடாது? நடக்கும் கால், பின்னம், தூண், வாய்க்கால் நான்கையும் எந்த வாசகரிடமும் கேட்கலாம். காற்றும் சக்கரமும் பள்ளித் தமிழைத் தாண்டி வந்தவர்களிடம் செல்லும். காம்பு, உமிழ்தல் இரண்டையும் நான் தனிப் பொருளாக வைக்கமாட்டேன். எழுத்துப் பாதை உறுதியாக இருந்தால் மட்டும் வைப்பேன், விடை கிடைத்தபின் தேடிப் பார்த்து மகிழட்டும் என்று.

தேடிப் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. ஆனால் புதிருக்கென்றே செய்து வைத்ததுபோல் உதவுவது நிகண்டு, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூல். திவாகரம், பிங்கலம், சூடாமணி மூன்றிலும் ‘ஒரு சொல் பல்பொருள்’ என்று தனிப் பகுதியே உண்டு. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியில் இந்தச் சொற்கள் எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன. மனப்பாடத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. கட்டத்தில் முதல் எழுத்து தெரியாமல் இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து நிற்பவருக்கு அகர வரிசை அகராதி கைவிரித்துவிடும், சூடாமணியை இயற்றிய மண்டலபுருடர் கைகொடுப்பார்.

கூட்டுச் சொற்களுக்கு வருவோம். உண்மையான விபத்துகள் நடக்கும் இடம் இது. வாயும் காலும் எந்த வரிசையில் சேர்ந்தாலும் தண்ணீர் ஓடும்: கால்வாய் (4), வாய்க்கால் (5). குறிப்பு ஒன்றாக இருந்தாலும் அடைப்புக்குள் உள்ள எண் எது என்று சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் கூடிய எழுத்து புணர்ச்சியில் வந்த ‘க்’. இந்த ஒற்றுக்குத் தனிக் குறிப்பு தரவேண்டியதில்லை என்பது எல்லாரும் ஏற்ற மரபு. கெண்டை மீனும் காலும் சேர்ந்து கெண்டைக்கால் (6) ஆகும்போதும், வெற்றிலைத் தோட்டம் கொடிக்கால் (5) ஆகும்போதும் அப்படித்தான். மரக்கால் (5) இரட்டைப் பொருளுக்கு அருமையான சொல்: நெல் அளக்கும் முகவை, 12 மரக்கால் ஒரு கலம்; சிலப்பதிகாரத்தில் மாயவள் ஆடிய ஆடலும் மரக்கால்தான்.

ஆனால் பந்தலில் நடும் கால் எது? பந்தற்காலா, பந்தக்காலா? இலக்கணப்படி முதலாவது, வழக்கில் இரண்டாவது. இரண்டும் 6 கட்டம். நான்காம் கட்டம் மட்டும் மாறும்: ற் அல்லது க். அந்தக் கட்டத்தில் குறுக்கே ஒரு சொல் போனால், வேறு வடிவத்தை எழுதியவருக்கு அந்தச் சொல்லும் சேர்ந்து கெடும். கால்பந்து, காற்பந்து தகராறும் இதே வகை: தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ல், சிங்கப்பூரில் ற், இலங்கையில் அது உதைபந்து. கால்சட்டை, காற்சட்டை இரண்டுக்கும் இரண்டாம் கட்டம் வேறு. உலகெங்கும் இருந்து அவிழ்க்கும் இணையப் புதிரில் இத்தகைய சொல்லை வைத்தால், மாறும் கட்டத்தைக் குறுக்குச் சொல் இல்லாத கட்டமாக விடுங்கள், அல்லது குறுக்குச் சொல் சந்தேகத்துக்கு இடமில்லாததாக இருக்கட்டும்.

லகரம் மெல்லினத்தின் முன் னகரமாகும் என்பதை நினைவில் வைத்தால் ‘கான்முளை’ (4) விளங்கும்: கால்+முளை, வழித்தோன்றல், மகன். தகரத்தின் முன்னோ காற்றடம் என்று ஆகி, காற்றின் தடமா காலின் தடமா என்று மயக்கும். உயிர் வந்தால் ல் கட்டமே மறைந்துவிடும்: கால்+அணி காலணி, மூன்றே எழுத்து. இதில் ண-வுக்கு ன போட்டால் குடியிருப்பு ஆகிவிடும். காலணி, காலனி குழப்பம் அச்சுப்பிழையாக எத்தனையோ புதிர்களைக் கெடுத்திருக்கிறது. மெய்ப்புப் பார்க்கும்போது இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு முறை நின்று போகலாம்.

‘கால்மாடு’ (4) எனக்குப் பிடித்த சொல். படுத்திருப்பவரின் தலைப்பக்கம் தலைமாடு, கால்பக்கம் கால்மாடு. இங்கே மாடு என்றால் பக்கம். ‘படுத்தவர் பாதத்தருகே கறக்க முடியாத மாடு (4)’ என்று எழுதினால் இரண்டு சொல்லின் இரட்டைப் பொருளும் ஒரே இடத்தில் வேலை செய்கின்றன.

கட்டத்தை அமைக்கும்போது ‘கால்’ என்ற விடை தரும் தொல்லையும் உண்டு. ல் என்பது மெய். குறுக்கே செல்லும் சொல் அந்தக் கட்டத்தில் தொடங்க முடியாது. கல்வி, செல்வம் போல நடுவிலோ, நூல், வேல் போல முடிவிலோதான் ல் அமைய வேண்டும். அதனால் இடமிருந்து வலமாகக் ‘கால்’ வைத்தால், ல் கட்டத்துக்கு நேர் மேலே குறைந்தது ஒரு வெள்ளைக் கட்டம் தேவை. மேல் வரிசையில் இதை வைத்துவிட்டு அப்புறம் தவிப்பவர்கள் உண்டு. இரண்டெழுத்து விடையை ஆங்கிலக் கட்டங்கள் ஏற்பதில்லை, குறைந்தது மூன்று என்பார்கள். தமிழில் அந்த விதி பொருந்தாது. நம் அன்றாடச் சொற்களில் பலவற்றைத் தள்ளவேண்டி வரும். ஆனால் இரண்டெழுத்து விடைக்கு இரண்டு கட்டத்திலும் குறுக்குச் சொல் தருவதே நியாயம். ல் மட்டும் தெரிந்தால் கல், பல், பால், வால், தோல், கோல், வில், நெல் என்று பட்டியல் நீளும்.

தொலைபேசிக் காலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ‘ஒரு கால் பண்ணு’, ‘மிஸ்டு கால்’, ‘கால் டாக்ஸி’ என்று இன்று தமிழர் வாயில் அதிகம் புழங்கும் கால் இதுவாகக்கூட இருக்கும். தூய தமிழ் விரும்பும் அமைப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள். நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ‘பேச்சில்’ என்றோ ‘போனில்’ என்றோ ஒரு சாடை குறிப்பில் இருக்க வேண்டும். ‘போனில் வந்தது நான்கில் ஒரு பங்கு (2)’ என்றால் யாருக்கும் குறை இருக்காது.

பயிற்சிக்கு நான்கு. விடை தரவில்லை, மேலே சொன்ன வழிகளைத் தாண்டி எதுவும் தேவைப்படாது.

கால் முளைத்த பல் பசு தருவது (2)

நாடு கால் இழந்ததால் மையம் (2)

காலை மடக்கிய வாரம் தவமிருந்தால் கிடைப்பது (3)

இரட்டைக்கொம்பும் காலும் முளைத்த கல் அரசன் கையில் (2)